ஏழாம் பக்கத்தில் இருந்தது

சூடான ரொட்டி வாசமும் அச்சு மையின் நெடியும் கலந்த ஒரு வாடை உண்டு. அதை நீங்கள் முகர்ந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் தோட்டத்துக்குத் தமிழ்ப் பத்திரிகை வந்து சேர்ந்ததே ரொட்டிப் பெட்டிக்குள்தான். ஈப்போவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டி பாய், பின்னால் கட்டிய தகரப் பெட்டியில் பன்னுக்கும் சீனி ரொட்டிக்கும் மேலே அதை மடித்து வைத்துக் கொண்டுவருவார். மாலை நான்கு மணிக்குக் கோயில் மரத்தடியில் அவர் பெட்டியைத் திறக்கும்போது, முதல் பக்கத்து மந்திரியின் நெற்றியில் மார்ஜரின் பொட்டு வைத்திருக்கும். "பேப்பரு பசியாறிட்டுத்தான் வருது" என்று என் அப்பா தினமும் சொல்வார், தினமும் யாராவது சிரிப்பார்கள்.

மலேசியாவின் பேராக்கில், தஞ்சோங் ரம்புத்தானுக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்பு மலைகளின் அடிவாரத்தில் இருந்தது அந்த ரப்பர் தோட்டம். எழுபதுகளின் பின்பாதி. வெள்ளைக்காரத் துரை ஒருவர் வைத்த பெயர் பலகையில் இருந்தது. நாங்கள் அதைக் "கல்லுமலைத் தோட்டம்" என்றோம். ஆற்றை ஒட்டிக் கீழ் லயம், மேட்டில் மேட்டு லயம் என்று குடியிருப்பு இரண்டு. பத்திரிகையோ இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. அதனால் ரொட்டி பாய் கொடுத்த கையோடு அதைப் பிரித்து, வெளித்தாளைக் கீழ் லயத்துக்காரர்களும் உள்தாள்களை மேட்டு லயத்துக்காரர்களும் எடுத்துக்கொள்வது வழக்கமாகியிருந்தது. மறுநாள் காலையில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவனுக்கு நேற்றைய பேப்பர் எதற்கு? எங்களுக்குக் கொலையும் தேர்தலும், அவர்களுக்குச் சினிமா விளம்பரமும் மரண அறிவித்தலும் என்று உலகம் பங்கு பிரிந்து வந்தது. செய்தி பாதியில் நின்று "தொடர்ச்சி 7ஆம் பக்கம்" என்று போட்டிருந்தால், அந்த மீதி மேட்டு லயத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததே இல்லை.

கீழ் லயத்தில் அதை வாசித்துக் காட்டியவள் நான். பத்து வயதிலேயே ரப்பர் காட்டில் வேலைக்கு இறங்கிவிட்டவர்கள் எங்கள் பெரியவர்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். முன்பு வாசித்துக்கொண்டிருந்த, வேலையை மேற்பார்க்கும் தண்டலுக்குக் கண்ணில் புரை விழுந்ததும், ஐந்தாம் வகுப்பில் இருந்த என்னைக் கொண்டுபோய்க் கோயில் மேடையில் உட்காரவைத்தார் அப்பா. சரஸ்வதி என்று பெயர் வைத்தது வீண்போகவில்லை என்று அவருக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி ஆண்களும், அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் பெண்களும் வந்து உட்கார, நான் வானொலிக்காரியைப் போலக் குரலை இழுத்து வாசிப்பேன். பள்ளிக்கூடத்தில் காதைப் பிடித்துத் திருகுகிற பெரிய மனிதர்கள், அங்கே என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த ருசி பொல்லாதது. செய்தி சப்பென்று முடிந்தால் கூட்டம் உடனே எழுந்து போய்விடும் என்பதைக் கண்டுகொண்டபின், நான் கொஞ்சம் உப்புப் போட ஆரம்பித்தேன். விபத்தில் ஒருவர் காயம் என்றிருந்தால் மழையைப் பெய்ய வைப்பேன். திருடன் தப்பினான் என்றிருந்தால் அவனுக்கு ஒரு மீசை வைப்பேன். தினமும் வாசித்து வாசித்துப் பத்திரிகைத் தமிழ் எனக்கு நாக்கிலேயே ஒட்டியிருந்ததால், எது அச்சில் உள்ளது, எது என்னுடையது என்று ஒருவராலும் பிரிக்க முடியாது.

அந்த வருடம்தான் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். சித்தியவான் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். இருபது வயதுகூட நிரம்பியிருக்காது, தற்காலிக ஆசிரியை. வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடத்தில் பழைய பேப்பர் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போடுவார். ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, இதை யார் சொன்னது, சொன்னவர் நேரில் பார்த்தாரா, மீதி எங்கே என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்வார். எங்களுக்கு அது கேலியாக இருந்தது. சோறு வெந்துவிட்டது என்று அம்மா சொன்னால்கூடப் பையன்கள், "நேரில் பார்த்தீர்களா?" என்று கேட்டு அடி வாங்கினார்கள். பெரியவர்களுக்கோ எரிச்சல். "அச்சுல வந்ததையே நம்பாதேன்னு சொல்லிக் குடுக்கறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா லா" என்று தண்டல் முணுமுணுத்தார். தலைமையாசிரியருக்கும் இது பிடிக்கவில்லை. வாய்ப்பாட்டை ஒப்பிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வழக்கறிஞர் வேலை எதற்கு என்று நினைத்தார்.

ஒருநாள் பள்ளிக்குள் ஓர் ஆடு புகுந்து, நான்காம் வகுப்பின் நோட்டுப் புத்தகங்களைத் தின்றுவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் எங்கள் எல்லாரையும் அதைச் செய்தியாக எழுதச் சொன்னார். ஒருவன் இரண்டு ஆடு என்று எழுதினான், ஒருத்தி அது ஆடே அல்ல, கன்றுக்குட்டி என்றாள். நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஆட்டின் கழுத்துக் கயிறு அறுந்திருந்தது, தலைமையாசிரியர் ஒற்றைச் செருப்போடு ஓடியது எல்லாம் அதில் இருந்தது. டீச்சர் அதை உரக்க வாசித்தபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வாசித்து முடித்து நோட்டை என்னிடம் கொடுக்கும்போது மெல்லக் குனிந்து, "ரொம்ப நல்லா எழுதியிருக்க, சரசு. நீ அன்னிக்கு ஸ்கூலுக்கே வரலியே" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அதோடு திருந்தியிருக்க வேண்டும். அடுத்த நாளும் கோயில் மேடையில் உட்கார்ந்து உப்புப் போட்டுத்தான் வாசித்தேன்.

அப்போது பட்டணத்துக்குப் போகிற சாலையில் ஆற்றுக்குக் குறுக்கே புதிய பாலம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய பாலம் கட்டினால் தூணுக்கு அடியில் பிள்ளைத் தலை போட வேண்டும், இல்லாவிட்டால் தூண் நிற்காது என்பது அந்தக் காலத்தில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஒற்றுமையாக நம்பிய ஒரே விஷயம். எந்தத் தோட்டத்திலோ ஒரு பிள்ளையைக் காணோமாம் என்று பேச்சு கிளம்பியது. எந்தத் தோட்டம் என்று கேட்டால் அடுத்த தோட்டம் என்பார்கள். அடுத்த தோட்டத்தில் கேட்டால் எங்களுடையதைச் சொல்லியிருப்பார்கள். "நெருப்பில்லாம பொகையுமா?" என்று பெண்கள் தங்கள் பிள்ளைகளை இடுப்பைவிட்டு இறக்கவில்லை.

பிறகு ஒரு மாலை, பேப்பரில் முதல் பக்கத்திலேயே அது வந்துவிட்டது. பாலத்துக்குப் பிள்ளைத் தலையா, தோட்டங்களில் பீதி என்று பெரிய எழுத்தில் தலைப்பு. அன்றைக்கு இருந்ததுபோன்ற கூட்டத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு நின்ற தாய்மார்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார்கள். பெற்றோர் அஞ்சுவதும், சில இடங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாததும் சொல்லப்பட்டு, இது குறித்துப் போலீஸ் அதிகாரி ஒருவரிடம் கேட்டபோது என்று வந்து, அங்கே வரி நின்றுவிட்டது. தொடர்ச்சி 7ஆம் பக்கம். நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை கண்கள். மீதி மேட்டு லயத்தில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஒருவர் ஓடிப்போய் வாங்கி வந்திருப்பார், ஐந்து நிமிட வேலை. எனக்கு அந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. கண்ணைத் தாளுக்கு இறக்கி, குரலைத் தாழ்த்தி, "பையுடன் தனியாக வரும் அந்நியர்களிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று வாசித்து முடித்தேன்.

அடுத்து வந்த நாள்களில் தோட்டமே வேறாகிவிட்டது. பால் வெட்டி முடித்த ஆண்கள் முறை வைத்துச் சாலை முனையில் காவல் நின்றார்கள். துணி வியாபாரி ஒருவரை மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லி விரட்டினார்கள். எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் பெருமையும் இருந்தது என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. நான் சொன்ன ஒரு சொல்லுக்கு இத்தனை பெரிய மனிதர்கள் தடி தூக்கி நிற்கிறார்கள்.

சனிக்கிழமை பிற்பகல், ஆயாக் கொட்டகைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. தாய் தகப்பன் காட்டுக்குப் போயிருக்கும்போது சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகை அது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக ஒரு மனிதன் தரையில் கிடந்தான், பக்கத்தில் ஒரு துணிப்பை. வேலி ஓரமாக நின்று ஒவ்வொரு பிள்ளையின் முகமாக உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தானாம். யாரென்று கேட்டதற்கு நாக்குத் தடித்தவனைப்போல ஏதோ குழறினானாம். அதற்குள் நாலைந்து அடி விழுந்து, வாயோரம் ரத்தம் வழிந்தது. கூட்டத்தின் முன்வரிசையில், பால் வாளி சுமக்கிற காண்டாக் கம்பைப் பிடித்தபடி என் அப்பா நின்றார். அவர் அதுவரை அடிக்கவில்லை. அந்த முகத்தையே, எங்கேயோ பார்த்த முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா டீச்சர் தலைமுடி அவிழ்ந்து ஓடிவந்தார். குறுக்கே புகுந்து, பையைத் திறந்து பாருங்கள், அந்த மனிதனைப் பேச விடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ, "பையோட வாரவன்னு பேப்பர்லயே போட்டிருக்கான் டீச்சர், சரசுதான் வாசிச்சா" என்றார்கள். டீச்சர் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சரசு, நீ சொல்லும்மா. பைன்னு பேப்பர்ல இருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஊரே என்னைப் பார்த்தது. அப்பாவும் பார்த்தார், அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை, பதில் தெரிந்தவர் பார்க்கிற பார்வை. அவர் முன்னால் நான் பொய்க்காரியாகக் கூடாது என்பது ஒன்றுதான் என் தலைக்குள் இருந்தது. கீழே கிடந்த மனிதன் அந்த நேரத்தில் எனக்கு மனிதனாகவே தெரியவில்லை.

"இருந்துச்சு டீச்சர்" என்றேன்.

அப்பாவின் கம்பு இறங்கியது. முதல் அடி தோளில், அடுத்தது தலையில். மூன்றாவதற்கு ஓங்கியபோது அந்த மனிதன் கையைத் தூக்கி, குழறாமல், தெளிவாக, "மாணிக்கண்ணே, நாந்தாண்ணே, முத்தையா" என்றான்.

முத்தையா அப்பாவுக்குப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவர். ஏழு வருடத்துக்கு முன் புத்தி பேதலித்து, தோட்டத்து லோரியில் கட்டி ஏற்றி, தஞ்சோங் ரம்புத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டவர். அவர் செத்து நாலு வருடம் ஆயிற்று என்றுதான் தோட்டமே நம்பியிருந்தது. யார் வந்து சொன்னது என்று அப்புறம் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தச் சேதியைக் கேட்டுத்தான் அவர் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் குணமாகி, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பப்பட்டவர், சாலையில் இறங்கி நடந்து நேராகத் தம் மகளை விட்டுப்போன அந்தக் கொட்டகைக்கு வந்திருக்கிறார். பையில் இரண்டு சட்டையும், மலாய் மொழியில் ஒரு கடிதமும், மாத்திரைப் பொட்டலங்களும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் காலை மாத்திரைக்குச் சூரியனும் இரவு மாத்திரைக்கு நிலாவும் பொட்டலத்தின்மேல் வரைந்து கொடுத்திருந்தார்கள்.

அலுவலகக் கணக்கெழுதும் கிராணி தோட்டத்து வண்டியில் அவரை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போலீஸ்கார மாத்தா வந்து விசாரித்தபோது, இருட்டு என்றார்கள், கூட்டம் என்றார்கள், யார் அடித்தது என்று தெரியவில்லை என்றார்கள். பட்டப்பகல் மூன்று மணிக்கு எங்கள் தோட்டத்தில் இருட்டு! முத்தையா பிழைத்தார். ஆனால் அன்றைக்கு அப்பாவின் பெயரைச் சொன்னதுதான் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது. மண்டையில் பட்ட காயம் ஆறியபின் அவரைத் திரும்பவும் தஞ்சோங் ரம்புத்தானுக்கே கொண்டுபோனார்கள். குணமாகி வீடு தேடி வந்தவரை நாங்கள் ஒரே பிற்பகலில் திருப்பி அனுப்பிவிட்டோம்.

திங்கட்கிழமை டீச்சர் வகுப்புக்கு வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. மேட்டு லயத்தில் ஒரு வீட்டுப் பாத்திர அலமாரியில் விரித்திருந்த உள்தாளைத் தேடிப் பிடித்து, வெளித்தாளோடு சேர்த்துக் கரும்பலகையில் ஒட்டியிருந்தார். மீன் குழம்புக் கறை படிந்த ஏழாம் பக்கம். என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பிள்ளை பிடிக்கிறார்கள் என்பது வெறும் வதந்தி என்றும், எந்தப் பிள்ளையும் காணாமற்போகவில்லை என்றும், வழிப்போக்கர்களைத் துன்புறுத்த வேண்டாம் என்றும் அந்த அதிகாரி சொல்லியிருந்தார். நான் வாசித்து முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "பை எங்க டீச்சர்?" என்று கேட்டான். தேடுங்கள் என்றார் டீச்சர். ஒவ்வொருவராக எழுந்து வந்து, விரலை வரி வரியாக வைத்துத் தேடினார்கள். நாற்பது பிள்ளைகள். ஒருவர்கூட அவசரப்படவில்லை. அவர் வருடம் முழுக்கக் கத்திச் சொன்ன பாடத்தை அன்றுதான் நாங்கள் ஒழுங்காகச் செய்தோம். கடைசிப் பையன் போய் உட்கார்ந்தபோது வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது.

யாரும் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அடித்தவர்களில் ஒவ்வொருவனுடைய தகப்பனும் அண்ணனும் மாமனும் இருந்தார்கள். பேப்பர் சொன்னதால் அடித்தோம் என்ற ஒரு சாக்குத்தான் அவர்களைத் தலை நிமிர்த்தி நடக்கவைத்தது. அதையும் பிடுங்க ஒரு பிள்ளைக்கும் துணிவில்லை. மறுநாள் சாயங்காலம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த கோப்பியை ஆறவிட்டு, அப்பா வந்து உட்கார்ந்தபின், என்னையே பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். நானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். தவணை முடிந்ததும் அவருடைய வேலை நீட்டிக்கப்படவில்லை. சித்தியவானுக்குப் போனவரை நான் பிறகு பார்க்கவில்லை.

அப்பா அதன்பின் வீட்டுக்குள் பேப்பரை விடவில்லை. ரொட்டி பாய் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்படி எழுதினவன் கை விளங்குமா என்று சபிப்பார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, முத்தையாவைப் பார்க்கப் போவார். முத்தையா அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாராம். பழத்தை மட்டும் உரித்துச் சாப்பிடுவாராம். எண்பதுகளில் ரப்பரை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள், எங்களைப் போன்றவர்கள் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்குக் குடிபெயர்ந்தோம், அப்பா ஒரு பட்டறையில் காவலாளியானார். அந்தப் பயணம் மட்டும் நிற்கவில்லை. முத்தையா இறந்த மாதம்கூட, செய்தி தெரியாமல், பழத்தோடு போய்த் திரும்பி வந்தார்.

அப்பா நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தபோது நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு மதியம், கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தபோது, கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு அவன அப்பவே அடையாளம் தெரிஞ்சிச்சு சரசு. முத்தையா மாரி இருக்கேன்னு நெனச்சேன். ஆனா பேப்பர்ல இருக்குன்னு நீ சொன்னல்ல. நீ வாசிச்சா தப்பா இருக்காதுன்னு அடிச்சிட்டேன்."

கரண்டி என் கையில் நின்றது. அவருக்கு நான் செய்யக்கூடிய ஒரே நியாயம் அப்போது என் வாயில் இருந்தது. அவர் பாவி இல்லை, நம்பியவர் என்று நான் ஒருத்திதான் சொல்ல முடியும். சொன்னால் அவர் மகளை இழப்பார், சொல்லாவிட்டால் நிம்மதியை இழப்பார் என்று கணக்குப் போட்டேன். போட்டது எனக்குச் சாதகமான கணக்கு.

"அது பேப்பர்காரன் செஞ்ச தப்புப்பா" என்றேன்.

"ஆமா லா" என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

இன்று அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வீடுகளும் ஒரு பெட்ரோல் நிலையமும் இருக்கின்றன. கோயிலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள், பள்ளியை மூடிவிட்டார்கள், ஆயாக் கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை. ஒருவர் வாசிக்க ஊரே உட்கார்ந்து கேட்கிற வழக்கம் எங்கும் இல்லை. வகுப்புத் தோழர்களைக் கல்யாண வீடுகளில் சந்திக்கிறேன். பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம், சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுகிறோம், அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. முப்பது வருடம் ஆசிரியையாக இருந்து, செய்தியை முழுதாகப் படியுங்கள் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறேன். இந்தக் கதையையும் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், யாரோ ஒரு பெண் செய்ததாக. இப்போது உங்களிடம் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். இதைக் கேட்டிருக்க வேண்டிய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.